முழங்கால் வளர்ச்சித் தட்டு முறிவு

சிறுவர்களின் தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் முன்னெலும்பின் மேல்முனையிலும் உள்ள குருத்தெலும்புத் தட்டில் நேரும் முறிவு. எலும்பை நீளச் செய்வது இத்தட்டே. பெண்களுக்கு 14, ஆண்களுக்கு 16 வயதையொட்டி இது எலும்பாகி மூடிக்கொள்ளும். அதுவரை மூட்டருகே மிகவும் நலிந்த இடம் இது. பெரியவருக்கு ஜவ்வு கிழியக்கூடிய அடியில் பிள்ளைக்குத் தட்டு விலகிவிடும்.

19ஆம் நூற்றாண்டில் மேலைநாடுகளில், ஓடும் குதிரைவண்டியில் தொற்றி ஏறும் சிறுவர்களின் கால் சக்கர ஆரங்களுக்குள் சிக்கி இம்முறிவு நேர்ந்தது. 'வண்டிச்சக்கர முறிவு' என்றே மருத்துவர்கள் அழைத்தார்கள். பலர் காலையே இழந்தார்கள். மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி போன்ற ஊர்களில் இன்று இருசக்கர வாகன விபத்து, மரத்திலிருந்து விழுதல், கபடி ஆகியவை இதற்கு வழி. தாவி ஆடும் பதின்வயதுப் பையன்களுக்கு, முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள எலும்பு மேடு பிய்ந்துகொள்வதும் உண்டு.

டொராண்டோவின் எலும்பு மருத்துவர்கள் சால்ட்டர், ஹாரிஸ் இருவரும் 1963இல் வளர்ச்சித் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தனர். முதலிரு வகைகளில் வளர்ச்சி பெரும்பாலும் கெடாது என்பது பொதுவிதி. தொடை எலும்பின் கீழ்த்தட்டில் இவ்விதியை நம்பக் கூடாது. அத்தட்டு மேடுபள்ளமானது, விலகும்போதே அரைபடும். அங்கே முறிந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. தொடை எலும்பின் நீளத்தில் சுமார் 70 விழுக்காட்டைத் தருவதும் இத்தட்டுதான். ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் அளவுக்கு வளரும். பத்து வயதுப் பையனுக்கு இது அடியோடு நின்றுபோனால் கால் 5 செ.மீ. வரை குட்டையாகலாம். ஒருபக்கம் மட்டும் நின்றால் கால் கோணும்.

கால் முன்னெலும்பின் மேல்தட்டு முறிவில் ஆபத்து உடனடியானது. மூட்டின் பின்னால் ஓடும் தமனி எலும்போடு ஒட்டியிருப்பதால் அழுந்தியோ கிழிந்தோ போகலாம். விரல்கள் சில்லிட்டாலோ வெளுத்தாலோ, விரலை அசைக்கும்போது வலி ஏறினாலோ மணிக்கணக்கில் காத்திருக்க நேரமில்லை. வீங்கிய காலை எண்ணெயிட்டு நீவுவதும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கி நாட்டுக்கட்டு போடுவதும் காலையே பறித்துவிடும். உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ பிள்ளையை உடனே கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் எக்ஸ்-ரேயில் முறிவு தெரியாமல் போகலாம். தட்டின்மேல் அழுத்தினால் வலித்தால் முறிவாகவே கருதிக் கட்டுப்போட வேண்டும். விலகாததற்கு மாவுக்கட்டு போதும். விலகியதை மயக்கமருந்து கொடுத்துச் சரிசெய்து, கம்பியாலோ திருகாணியாலோ பொருத்துவர்.

சில வாரங்களில் எலும்பு கூடிவிடும், பிள்ளையும் ஓடத் தொடங்கிவிடும். பெற்றோர் மருத்துவமனைப் பக்கம் வராமல் நின்றுவிடுவது பெரும்பாலும் அப்போதுதான். தட்டின் குறுக்கே, வளர்ச்சியைத் தடுக்கும் எலும்புப் பாலம் உருவாகிறதா என்பது அதற்குப் பின்னரே தெரியவரும். ஆகவே ஓராண்டுக்குக் குறையாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை இரு கால்களையும் அளந்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பாலம் சிறிதாக இருந்து வளர்ச்சிக்காலமும் எஞ்சியிருந்தால், அதை அகற்றிக் கொழுப்பை நிரப்பி வளர்ச்சியை மீட்க முயலலாம். பெரிதாகிவிட்டால், மற்றக் காலின் தட்டை நிறுத்துவது, குட்டையான எலும்பை நீட்டுவது ஆகியவையே வழிகள்.