பல்லில்லாத கியரும் மணவாளக்குறிச்சி மண்ணும்

ஆரல்வாய்மொழி வழியா பஸ்ஸில் போனவங்களுக்கு முப்பந்தல் காத்தாடிகளைத் தெரிஞ்சிருக்கும். தூரத்தில் பார்த்தா சத்தமே இல்லாத மாதிரி இருக்கும். அடியில் போய் நின்னு பாருங்க. இறக்கை காற்றை வெட்டும் சத்தத்தோட, உள்ளேயிருந்து ஒரு உறுமலும் கேட்கும். அது கியர்பாக்ஸ். இறக்கை மெதுவாத்தான் சுத்தும். ஜெனரேட்டருக்கோ நிமிஷத்துக்கு 1000, 1500 சுற்று வேணும். நடுவில் பல்சக்கரம். பல்லோட பல் உரசும், எண்ணெய் ஊத்தணும், ஒரு பல் போச்சுன்னா கிரேன் வரணும்.

அங்கே வேலை பார்த்த எங்க சொந்தக்கார அண்ணன் ஒருத்தர் அலுத்துப் போய்ச் சொல்லுவார்: "பல்லில்லாத கியரு ஒண்ணு எவனாவது செஞ்சா, அவனுக்குக் கோயிலே கெட்டலாம்டே."

அண்ணாச்சி, அதுக்கு 1901லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியாச்சு! :-)

ஆம்ஸ்ட்ராங் என்பவர் வாங்கியது அது. பல்லுக்குப் பதில் மின்காந்தம். 1941ல் ஃபாஸ் என்பவர் நிலைக்காந்தங்களை வச்சு இன்னொன்று வாங்கினார். ஒண்ணை ஒண்ணு தொடாது, அதனால தேய்மானமும் இல்லை, உரசும் சத்தமும் இல்லை. பாரம் கூடினா உடையாது, வழுக்கிக்கொடுக்கும். ஆனா அந்தக் காலத்துக் காந்தங்களுக்கு வலு பத்தலை. சக்கரங்கள் நேருக்கு நேர் வரும் இடத்தில் ஒண்ணு ரெண்டு காந்தம் மட்டும்தான் இழுக்கும். யோசனை அப்படியே தூங்கிடுச்சு.

எழுப்பினது நியோடிமியம். 1983ல் ஜப்பானில் சகாவாவும், அமெரிக்காவில் க்ரோட்டும் தனித்தனியா நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை அறிவிச்சாங்க. 2001ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் அட்டல்லாவும் ஹோவும் புது அமைப்பைக் காட்டினாங்க. உள்ளே ஒரு காந்த வளையம், வெளியே ஒரு காந்த வளையம், நடுவில் இரும்புத் துண்டுகள். உதாரணமா உள்ளே 4 ஜோடி துருவம், வெளியே 22 ஜோடி, நடுவில் 26 துண்டு. துண்டுகளை அசையாம வச்சா, உள்வளையம் ஐந்தரைச் சுற்று சுத்தும்போது வெளிவளையம் எதிர்ப்பக்கம் ஒரு சுற்று வரும். எல்லாக் காந்தமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நியோடிமியத்தை 1885ல் பிரிச்செடுத்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே மேண்டில், அந்த மேண்டிலைக் கண்டுபிடிச்சவரும் இவரேதான்! மேண்டிலுக்கு தோரியம் வேணும். தோரியம் மோனசைட் மணலில் இருக்கு. அந்த மணல் நம்ம மணவாளக்குறிச்சியில் இருப்பதை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடிச்சு, அங்கேயே ஆலையும் போட்டார். முதல் உலகப்போரில் தொழில் பிரிட்டிஷ் கம்பெனிகள் கைக்குப் போச்சு.

அதே மோனசைட்டில்தான் நியோடிமியமும் இருக்கு. அன்னைக்கு அதைத் தேடி யாரும் வரலை. மணல் கப்பலேறி, ஐரோப்பாவின் தெருவிளக்கா எரிஞ்சது. காந்தத்துக்கான சரக்கு நம்ம பிள்ளைங்க காலடியில் கிடந்தது, நமக்கே தெரியாம.

இன்னைக்குத் தெரியும். மணவாளக்குறிச்சியில் இப்போ மணல் எடுப்பது அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். 2024ல் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தப்போ, கடற்கரை ஜனங்க கதிர்வீச்சுக்குப் பயந்து எதிர்த்தாங்க. அந்தப் பயத்தை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

காந்தக் கியர் பெரிய காற்றாலைகளில் இன்னும் பரவலா வரலை. காந்தத்தின் விலை ஒரு பெரிய தடை. வந்தா முப்பந்தலில் உறுமல் அடங்கும். ஆனா அந்த அமைதிக்கான விலையை மணவாளக்குறிச்சிக்காரன் மட்டுமே கொடுக்கணுமா? நூறு வருஷம் முன்னாடி அவன்கிட்ட யாரும் கேட்கலை. இந்தத் தடவையாவது கேட்கணும்லா?