மிகைப் பங்களிப்பு (ஆர்.ஆர்.எஸ்.பி.)

கனடாவின் பதிவுசெய்யப்பட்ட ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்தில் (ஆர்.ஆர்.எஸ்.பி.) ஒருவர் தமக்குரிய வரம்பை மீறிச் செலுத்தும் தொகை மிகைப் பங்களிப்பு எனப்படும். மீறல் 2,000 டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மாதந்தோறும் 1 சதவீதம் வரி உண்டு. மேலதிகப் பணத்தை மீளப் பெறுவது, தனிப் படிவத்தில் கணக்குக் காட்டி வரியைச் செலுத்துவது ஆகிய இரண்டும் சேர்ந்ததே இதன் திருத்தம்.

வரம்பு

இத்திட்டம் 1957இல் தொடங்கியது. முந்தைய ஆண்டில் உழைத்த வருமானத்தின் 18 சதவீதம், அல்லது அவ்வாண்டுக்கு அரசு விதித்த உச்சத் தொகை, இவற்றுள் குறைந்ததே ஓர் ஆண்டில் புதிதாகக் கிடைக்கும் வரம்பு. உச்சத் தொகை 2024இல் 31,560 டொலர். 2025இல் 32,490 டொலர். வேலையிடத்தில் ஓய்வூதியத் திட்டம் இருந்தால் அதற்கான சரிக்கட்டுத் தொகை கழிக்கப்படும். பயன்படுத்தாத வரம்பு அடுத்தடுத்த ஆண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வொருவரின் வரம்பும் வருமான முகவரகம் அனுப்பும் மதிப்பீட்டு அறிவித்தலில் அச்சிடப்பட்டிருக்கும்.

2,000 டொலர் சலுகை வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றே, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதில்லை. 18 வயது நிறையாதவர்களுக்கு அது கிடையாது. 1995 வரை இச்சலுகை 8,000 டொலராக இருந்தது.

காரணங்கள்

சம்பளத்திலிருந்து நிறுவனத்தின் குழுத் திட்டத்துக்குப் பணம் போய்க்கொண்டிருக்க, அதை மறந்து வங்கியிலும் தனியே செலுத்துவது பொதுவான காரணம். துணைவரின் கணக்கில் செலுத்துவதும் செலுத்தியவரின் வரம்பிலேயே கழியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

புதிதாகக் குடியேறியோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வரம்பு முந்தைய ஆண்டின் வருமானத்திலிருந்து பிறப்பதால், 2025இல் ரொறொன்ரோவில் வந்திறங்கி வேலை தொடங்கியவருக்கு அவ்வாண்டில் வழக்கமாக வரம்பே இராது. ஆனாலும் வங்கி கணக்கைத் திறந்து பணத்தை வாங்கிக்கொள்ளும். வரம்பைச் சரிபார்ப்பது வங்கியின் பொறுப்பல்ல.

கணக்கு

10,000 டொலர் வரம்புள்ள ஒருவர் 2025 ஜூனில் 15,000 டொலர் செலுத்தினார் என்று கொள்வோம். மிகை 5,000. சலுகையான 2,000 போக 3,000 டொலருக்கு மாத வரி 30 டொலர். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதங்களுக்கு 210 டொலர். ஒவ்வொரு மாத முடிவிலும் எஞ்சியிருக்கும் மிகைக்கே வரி என்பதால், ஜூலை முடியுமுன் பணத்தை எடுத்திருந்தால் 30 டொலரோடு முடிந்திருக்கும்.

திருத்தும் முறை

வழக்கமான வருமான வரிப் படிவத்தில், செலுத்திய பணத்துக்காகக் கோரும் வரிக் கழிவைக் குறைத்துக் காட்டுவதால் மட்டும் இவ்வரி நீங்காது. ‘ரி1-ஓவிபி’ என்ற தனிப் படிவத்தை, ஆண்டு முடிந்து 90 நாட்களுக்குள் வரியோடு அனுப்ப வேண்டும். தாமதித்தால் நிலுவையில் 5 சதவீதமும், முழு மாதம் ஒவ்வொன்றுக்கும் 1 சதவீதமுமாக, பன்னிரண்டு மாதம் வரை தண்டம் ஏறும்.

பணத்தை எடுக்க இரு வழிகள் உண்டு. ‘ரி3012ஏ’ படிவத்தில் முகவரகத்தின் ஒப்புதல் பெற்றால், வங்கி முன்வரி பிடிக்காமல் பணத்தைத் திருப்பித் தரும். ஒப்புதலின்றி எடுத்தால், கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில், தொகைக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் வரை முன்வரி பிடிக்கப்படும். எடுத்த தொகை வருமானமாகக் காட்டப்படும். ‘ரி746’ படிவத்தின் மூலம் அதற்கு ஈடான கழிவைக் கோரலாம். நியாயமான தவறால் மிகை நேர்ந்து, அதை நீக்க உரிய நடவடிக்கையும் எடுத்திருந்தால், வரியைத் தள்ளுபடி செய்யுமாறு எழுதிக் கேட்கலாம்.

அமெரிக்காவின் தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் (ஐ.ஆர்.ஏ.) விதி வேறு. அங்கே மிகைக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் வரி. அதைத் தவிர்க்க, உரிய தவணைக்குள் மிகையை அது ஈட்டிய வருவாயோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

இலங்கை நிலை

நாவற்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகரத்துத் தனியார் நிறுவனமொன்றுக்கு வேலைக்குப் போகிறவர் இத்தகைய கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் சேரும். இரண்டையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்டுவது தொழில்தருநரின் கடமை. தாமதத்துக்கான மேலதிகக் கட்டணமும் அவர்மீதே விழும். இந்த 8 சதவீதத்துக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. அக்கழிவு இல்லாத இடத்தில், அதைக் கட்டுப்படுத்தும் உச்சவரம்புக்கும் தண்ட வரிக்கும் வேலையில்லை.

‘சேமலாபத்தைக் கந்தோர் பார்த்துக்கொள்ளும்’ என்ற பழக்கத்தோடு கனடாவுக்குச் செல்பவர் அங்கே தம் வரம்பைத் தாமே பார்க்க வேண்டும். குழுத் திட்டம், வங்கிக் கணக்கு, துணைவர் கணக்கு மூன்றிலும் செலுத்தியதைக் கூட்டி, மதிப்பீட்டு அறிவித்தலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்ட பிறகே மேலும் பணம் செலுத்துவது பாதுகாப்பானது.