காசும் கேஷும்: ஒரு சொல் வரலாறு

உலக வழக்கில் அடிக்கடி எடுத்தாளப்படும் எளிய சொற்களே ஆராய்ச்சிக்குப் பெரிதும் இடந்தருவனவாகும். அரிய சொல் ஒரு பொருளோடு நின்றுவிடும். அன்றாடச் சொல்லோ பலர் கைப்பட்டுப் பல பொருளைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'கேஷ்' என வழங்குஞ் சொல் இதற்குத் தக்க சான்று. கடையிலும் வங்கியிலும் கச்சேரியிலும் நாள்தோறும் ஒலிக்கும் இச்சொல், தமிழிலுள்ள 'காசு' என்பதினின்றும் பிறந்ததென்று மேடைகளிலும் கட்டுரைகளிலும் கூறப்பட்டு வருகின்றது. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்திருத்தலின் மாணவரும் அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். இக்கூற்று எத்துணை உண்மையென்பதை வரலாற்று நெறியில் நோக்குதல் வேண்டும்.

ஆங்கில அகராதிகள் 'கேஷ்' என்பதனை ஒரு சொல்லாகக் கொள்ளாது, வேறு வேறு பிறப்புடைய இரு சொற்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. முதலாவது, கைப்பணம் என்னும் பொருளது. அதன் மூலம் இலத்தீன் மொழியில் பெட்டியைக் குறித்த 'கப்சா' என்பதாகும். அஃது இத்தாலியில் 'கஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் திரிந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில வணிகரிடம் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் அதன் பொருள் பணம் அன்று; பணம் வைக்கும் பெட்டியே. பின்னர்ப் பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பொருளுக்கு ஆகிவந்தது. தமிழ் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். நாளடைவிற் பெட்டி என்னும் பழம்பொருள் மறைய, பணம் என்னும் பொருளே நிலைத்தது. வணிகர் பெட்டியைக் காத்தவன் 'கேஷியர்' எனப்பட்டான்.

இரண்டாவது 'கேஷ்', கீழைத் தேயங்களில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். இதுவே தமிழ்க் காசின் வழிவந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இந்துமாக்கடற் கரைகளில் வணிகஞ் செய்த போர்த்துக்கேயர், தாம் கேட்ட 'காசு' என்னுஞ் சொல்லைத் தம் மொழியிற் பெட்டியைக் குறித்த 'கைஷா' என்னுஞ் சொல்லின் வடிவிலே வழங்கினர். காசின் சகரம் ஷகர ஒலி பெற்றது இவ்வாறேயாம். அவர்பாற் கேட்ட ஆங்கிலேயர் அதனைத் தம் 'கேஷ்' என்பதனோடு ஒப்பவைத்தனர். யூல், பர்னெல் என்னும் இருவரும் தொகுக்க 1886 இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, இவ்விரு சொற்களும் வெவ்வேறானவை என்பதைத் தெளிவுறக் காட்டியுள்ளது.

இவ்விரண்டாஞ் சொல்லின் செலவு வியக்கத்தக்கது. சென்னையிற் கிழக்கிந்தியக் கும்பினியார் 80 காசு ஒரு பணம் என்றும், 42 பணம் ஒரு வராகன் என்றும் கணக்கு வைத்தனர். எனவே ஒரு வராகன் 3,360 காசாகும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரமாகவும் 28 சக்கரம் ஓர் உரூபாவாகவும் வழங்கின. தரங்கம்பாடியிலிருந்த டேனியரும் தம் மன்னர் பெயர் பொறித்த நாணயத்தைக் 'காஸ்' என்றே அழைத்தனர். 1808 ஆம் ஆண்டுக்குரிய பத்துக்காசு, இருபதுகாசு நாணயங்கள் இங்கிலாந்திலே போல்ட்டன் என்பாரின் சோகோ அக்கசாலையில் அடிக்கப்பட்டன. அவற்றைச் சென்னைக்கு ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல் 1809 சனவரியில் ஆங்கிலக் கரையையடுத்த குட்வின் மணற்றிட்டில் மோதி அமிழ்ந்தது. தமிழ்ப் பெயர் தாங்கிய செம்புக்காசுகள் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலேயரின் கடலடியிலே கிடந்து பின்னர் வெளிப்பட்டன. நடுவிற் சதுரத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்து வழங்கிய சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர். சோங் மரபுக் காலத்து அத்தகைய நாணயங்கள் வடமேல் மாகாணத்து யாப்பகூவாவிற் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு. ஒருவனைப் பதவியினின்றும் இழிவுபட நீக்குதலை ஆங்கிலேயர் 'கேஷியர்' என்னும் வினையாற் குறிப்பர். சேக்சுபியரின் ஒதெல்லோ நாடகத்தில் இவ்வினை பயின்றுள்ளது. பெட்டி காப்பவனுக்கும் இதற்கும் உறவில்லை. உடைத்தல், நீக்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் ஒல்லாந்தர் வழியாகப் படைவீரரின் பேச்சிற் புகுந்ததன் விளைவே இது. ஓரொலியுடைய சொற்களெல்லாம் ஒரு குடிப்பிறந்தன என்று கருதுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கையாகும்.

இனித் தமிழ்க் காசினை நோக்குவோம். பண்டை இலக்கியத்தில் அது மேகலையிற் கோத்த மணியையுங் குறித்தது. நிகண்டுகள் குற்றம் என்னும் பொருளுங் கூறும். யாப்பிலே வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளான நாள், மலர், காசு, பிறப்பு என்பவற்றுள் ஒன்றாக அது நிற்கின்றது. சோழர் கல்வெட்டுக்களிற் பொற்காசும் ஈழக்காசும் பேசப்படுகின்றன. வடமொழியில் ஒரு நிறையைக் குறித்த 'கர்ஷ' என்பதே இதற்கு மூலம் என்பர் ஒரு சாரார். எங்ஙனமாயினும், மணியும் பொன்னும் செம்புமாகிப் பின் பணப்பொதுவாகிய இச்சொல்லின் வளர்ச்சி, பெட்டியினின்றும் பணமாகிய ஆங்கிலச் சொல்லின் வளர்ச்சிக்கு முற்றும் வேறானது.

ஈழநாட்டின் மேலைக்கரை இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1344 இல் புத்தளத்தை அடைந்த இபின் பத்தூத்தா ஆங்கு ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். கரையிற் குவிந்துகிடந்த கறுவாக் கட்டைகளைச் சோழமண்டல, மலையாளக் கரையினர் விலையின்றிப் பெற்று, ஆடை முதலியவற்றை அரசனுக்குக் கையுறையாக அளித்தனர் என அவர் எழுதியுள்ளார். காசில்லா வாணிகமும் காசும் அருகருகே நிலவிய காலம் அது. யாழ்ப்பாண மன்னர் 'சேது' எனப் பொறித்த நாணயங்களை வெளியிட்டிருந்தனர். பின்னர் ஒல்லாந்தர் கற்பிட்டியிலே கோட்டை கட்டினர். அவர் விட்டுச்சென்ற ரிக்ஸ்டாலர் முதலிய கணக்குகள் ஆங்கிலேயர் ஆட்சியிலும் சில காலம் தொடர்ந்தன. 1872 இல் உரூபாவும் சதமும் இலங்கையின் கணக்குமுறையாயின.

ஆட்சிகள் மாறவும் நாணயங்கள் மாறவும் மக்கள் வாயிற் காசு மாறவில்லை. தமிழகத்திற் பணம் என்பது பெருவழக்காக, ஈழத்திற் காசு என்பதே பொதுப்பெயராய் நின்றது. கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட எத்தாளை முதலிய ஊர்களில் மீன் விலையும் மரக்கறி விலையும் காசென்றே பேசப்படும். சிங்கள மொழியிலும் 'காசி' என்னும் வடிவம் வழங்குகின்றது. கச்சேரிகளிற் பணம் பெறுவோர் 'சிறாப்பர்' எனப்பட்டனர். அதுவும் அரபு மொழியிற் பிறந்து ஆங்கிலத்தின் வழியாக வந்த சொல்லே.

பாடநூல் எழுதியோரும் அலுவலகக் கலைச்சொல் ஆக்கியோரும் காசேடு, காசோலை, காசுக்கட்டளை, காசாளர், காசுப்பாய்ச்சல் எனப் பல தொடர்களை அமைத்தனர். பிறப்பால் வேறான இரு சொற்கள் வணிக மாணவனின் ஏட்டிலே இவ்வாறு ஒன்றுகூடின. இஃது உறவாற் கூடியதன்று, பயனாற் கூடியது.

ஆகவே 'கேஷ்' தமிழ்ச்சொல்லே எனல் முழுதும் மெய்யன்று, முழுதும் பொய்யுமன்று. வங்கியில் வழங்கும் 'கேஷ்' பெட்டியின் வழிவந்தது. பழைய நாணயமாகிய 'கேஷ்' காசின் வழிவந்தது. இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதால் தமிழின் பெருமை குன்றுமென அஞ்சவேண்டியதில்லை. ஆதாரமில்லாத உரிமையை நாட்டப் புகுவோர், ஆதாரமுள்ள உரிமையையும் பிறர் ஐயுறச் செய்துவிடுவர். கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கில அகராதியில் ஐயத்திற்கிடமின்றி வீற்றிருக்கின்றன; அவற்றோடு சீனம்வரை சென்ற காசும் இருக்கின்றது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் இலங்கை இடவிளக்க அகராதியையும் 1859 இல் 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் இயற்றி இருமொழிப் புலமைக்கு வழிகாட்டினார். அவர் பிறந்த கரையில் வளரும் மாணவர், ஒலியொப்புமை கண்டு மகிழ்தலோடு அமையாது, சொல்லின் பிறப்பையும் அது வந்த வழியையும் ஆண்டு முறைப்படி தேடிக் காண்பாராக.