டான் கர்னி

டான் கர்னி (1931–2018): அமெரிக்கக் கார் பந்தய வீரர், பந்தயக் கார் தயாரிப்பாளர். ஓபரா பாடகரின் மகன். நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, பதின்பருவத்தில் குடும்பத்துடன் கலிபோர்னியாவின் ரிவர்சைடுக்குக் குடிபெயர்ந்தார். ஃபார்முலா ஒன், இண்டிகார், நாஸ்கார், ஸ்போர்ட்ஸ் கார் ஆகிய நான்கு வகைப் பந்தயங்களிலும் வென்ற முதல் வீரர். 1962இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் போர்ஷே காருக்கு வெற்றி தேடித் தந்தார்.

1967 ஜூனில் ஏ. ஜே. ஃபாய்ட்டுடன் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்று, மேடையில் ஷாம்பெயினைப் பீய்ச்சியடித்தார். பின்னர் அதுவே வழக்கமாயிற்று. அடுத்த வாரமே பெல்ஜியத்தின் ஸ்பாவில், தம் நிறுவனம் உருவாக்கிய ‘ஈகிள்’ காரை ஓட்டி வென்றார். உலகப் பட்டம் மட்டும் கிட்டவில்லை. 1971இல் காரின் பின்னிறக்கை விளிம்பில் செங்குத்தாக அவர் பொருத்திய சிறு தகடு, ‘கர்னி ஃபிளாப்’ என்ற பெயரில் ஹெலிகாப்டர்கள்வரை பயன்படுகிறது.