யவனர் சாடியும் நாலு யூரோ பாட்டிலும்

டீச்சர் ஒயின் குடித்துவிட்டார் என்று நம் சொந்தத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. உண்மைதான், அரை டம்ளர். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

புறநானூற்றில் 56-ஆவது பாட்டு நக்கீரர் பாடியது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர நீ இன்பமாக இருப்பாயாக என்கிறார். யவனர் என்றால் கிரேக்கர், ரோமர் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கும். அந்தக் கலம் எப்படி இருந்தது என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி கிடைத்துவிட்டது.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ஆம்போரா என்னும் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. நம் பக்கம் கரூர் அகழாய்விலும் அந்த ஓடுகள் வந்திருக்கின்றன. இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, அடியில் கூர் முனை. நிற்காத சாடியை எதற்குச் செய்தார்கள் என்று கேட்பீர்கள். கப்பலில் அடுக்கத்தான். கீழ் வரிசைச் சாடிகளின் இடைவெளியில் மேல் வரிசையின் கூர் முனை இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அலையில் உருளாது. சுமார் 25 லிட்டர் பிடிக்கும். கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசின் பூசுவார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். அரிக்கமேட்டு ஓடுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பெரும்பங்கு கோஸ் என்ற கிரேக்கத் தீவின் சாடி வகை என்கிறார்கள். கோஸ் ஒயின் உசத்தியான சரக்கு அல்ல. கடல்நீர் கலந்து செய்த, சாதாரண ஜனங்கள் குடித்த மலிவு ஒயின். உப்பு இருந்ததால் தூரப் பயணத்தில் சீக்கிரம் கெடாது. இத்தாலியிலேயே அந்த மாதிரி ஒயின் செய்வது எப்படி என்று கேட்டோ என்ற ரோமர் கிமு 2-ஆம் நூற்றாண்டில் தன் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஆக, அங்கே கூலிக்காரர் குடித்த வகைச் சரக்குதான் நம் கரைக்கு அதிகம் வந்திருக்கிறது. இங்கே வந்ததும் அதற்குப் பொற்கிண்ணம் கிடைத்திருக்கலாம். பாண்டியன் குடித்தது எந்த ஒயின் என்று பாட்டில் இல்லை. இது என் ஊகம்தான்.

பதிலுக்கு நாம் என்ன கொடுத்தோம்? மேற்குக் கரையிலிருந்து மிளகு போனது. நம் கொங்கு நாட்டிலிருந்து கல்லும் இரும்பும் போயின. காங்கேயம் பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லும், நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும் அன்று பேர்போனவை. கொடுமணத்து அணிகலன்களைப் பதிற்றுப்பத்து புகழ்கிறது. அங்கே எஃகு உருக்கிய உலைகளும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களியும்கூட அகழாய்வில் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் கொடுமணல் இருந்தது. வெள்ளலூர், காத்தாங்கண்ணி போன்ற ஊர்களில் ரோமக் காசுப் புதையல்கள் கிடைத்ததற்கும் இதுவே காரணம். இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி புலம்பினார். முசிறிக்கு ஒயின் வந்தது, ஆனால் அதிகமில்லை என்று பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு சொல்கிறது. எனவே கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு யவன மது ஓடியதாக யாரும் கற்பனை செய்ய வேண்டாம். நமக்குக் கள் இருந்தது.

இப்போது அரை டம்ளர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் மாணவன் ஒருவன் இத்தாலி போய்வந்தான். "டீச்சர், யவனர் தேறல்னு சொல்லுவீங்களே, இந்தாங்க" என்று ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைக் கொடுத்தான். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை, நாலு யூரோ. வீட்டுக்காரர் சமையலறைக்குள் விடவில்லை. திண்ணையில் வைத்துத்தான் திறந்தோம். இனிக்கும் என்று நினைத்தேன். நாவற்பழத்தைக் கொட்டையோடு கடித்த மாதிரி நாக்கு வறண்டது, பிறகு ஒரு புளிப்பு. அந்தத் துவர்ப்பு திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வருவது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இரண்டாயிரம் வருடப் பாடம் நாக்கில் பட்டதில் ஒரு சந்தோஷம்.

இதைப் படித்துவிட்டு "டீச்சரே சொல்லிட்டாங்க" என்று எவனாவது கிளம்பினால் நேரில் வந்து காதைத் திருகுவேன். இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம். அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்ததா இல்லையா என்பது திங்கட்கிழமை காலை பிள்ளைகளின் முகத்தில் தெரியும். நோட்டு வாங்காமல் வந்த பிள்ளையை ஏன் என்று கேட்பதையே ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். நம் பனையிலும் தென்னையிலும் கள் இறக்க 1987 முதல் தடை. 2003 முதல் மதுக்கடைகளை அரசே நடத்துகிறது. இதில் என் கருத்து என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

இத்தாலி வியாபாரம் திரும்பவும் நம் ஊருக்கு வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1978-ல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். நேரடி ஏற்றுமதிக்கு அதுதான் தொடக்கம் என்பார்கள். படியூர்க் கல் போன திசையில் பனியன் போனது.

சாடி மட்டும் பழையபடி வரவில்லை. கீழைநாட்டுச் சரக்குக்கு ரோமர் போட்ட சுங்கம் நூற்றுக்கு 25. வெளிநாட்டு ஒயினுக்கு நாம் வைத்தது நூற்றுக்கு 150. அதாவது 400 ரூபாய் மதிப்புள்ள பாட்டிலுக்குச் சுங்கம் மட்டும் 600. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் நம் பனியனுக்கு அங்கே வரி பூஜ்யமானது. பதிலுக்கு அவர்கள் ஒயினுக்கு நாம் வரியைக் குறைத்தோம். ஆனால் அந்தச் சலுகை 5 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள பாட்டிலுக்குத்தான். கோஸ் தீவுச் சரக்கு இன்று வந்தால் முழு வரி கட்டித்தான் கரை ஏறும்.