ஜப்பான் உடுத்திய சாந்தோம்

இன்று துறைமுகம் அமைந்துள்ள காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு. தெற்கே, சென்னை நகருக்குள், சாந்தோம். இவ்விரு ஊர்களும் ஜப்பானியரின் உடைமரபில் இடம்பெற்ற செய்தியை நம்மவருள் பலர் அறியார். கோடு கோடாய் நெய்யப்பட்ட வழவழப்பான பருத்தித் துணி ஒன்றை ஜப்பானியர் ‘சந்தோமே’ என்று அழைத்தனர். தூய தோமையாரின் பெயரால் போர்த்துக்கீசியர் சூட்டிய ஊர்ப்பெயரே அது. இக்கரையிலிருந்து சென்ற கோட்டுத் துணிக்கும் அதுவே பெயராயிற்று.

வியப்பு பெயரில் அன்று, காலத்தில் இருக்கிறது. 1545-இல் மயிலையில் தோமையாரின் கல்லறையருகே சில மாதங்கள் தங்கிச் செபித்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். திருச்சபை அங்கே விரைந்து வளர்ந்தது, வேதகலாபனையும் தொடர்ந்தது. 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 1639-இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். நாகசாகிப் பகுதி மக்கள் தாம் கிறிஸ்தவரல்லர் என மெய்ப்பிக்கத் திருவுருவங்களைக் காலால் மிதிக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியருள் ஒல்லாந்தராகிய டச்சுக்காரருக்கு மட்டுமே வணிக இசைவு நீடித்தது. 1641 முதல் அவர்களும் தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவில் அடைபட்டுக் கிடந்தனர்.

அதற்குச் சற்று முன்னர் ஹிராதோவில் அவர்கள் கட்டிய புதிய பண்டகசாலையை இடித்துத் தள்ளுமாறு ஆணை பிறந்தது. அதன் முகப்பில் கிறிஸ்து பிறப்புக் கணக்கின்படி 1639 என்று பொறித்திருந்ததே குற்றம்! ஓர் எண்ணைக்கூடப் பொறுக்காத அந்நாட்டினுள் அப்போஸ்தலரின் பெயர் பொதிபொதியாய் நுழைந்துகொண்டிருந்தது. இதைப் புதுமை என்று கொண்டாட நாம் முற்படவில்லை. வாங்கியவருக்கு அது சரக்கின் பெயர், அவ்வளவே.

பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், 1690 வாக்கில் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை அதையே சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டனர். அவுரியின் நீலமும் சாயவேரின் சிவப்பும் ஏறிய துணிகள் இக்கரையிலிருந்து பத்தேவியா வழியே கிழக்கு நோக்கிச் சென்றன. மறுதிசையில் ஜப்பானியச் செம்பு இங்கு வந்து விலைபோயிற்று. (அதே கும்பினி இக்கரையிலிருந்து மனிதரையும் அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதை மறைத்துத் துணியின் அழகை மட்டும் பேசுவது தகாது.)

எதோ நகரத்து வணிகர்கள் பட்டும் பகட்டும் அணியலாகாது என்று அரசு பலமுறை சட்டமிட்டது. அவர்களோ அடங்கிய நிறக் கோட்டுப் பருத்தியை உடுத்தி, அடக்கத்தையே நாகரிகமாக்கிவிட்டனர். சட்டத்தை மீறாமலே சட்டத்தை வென்ற சாமர்த்தியம் என்று நாம் இதைச் சொல்லுவோம். பூவேலைச் சாயத்துணியை அவர்கள் ‘சரசா’ என்றனர். தேநீர்ச் சடங்கில் தூள்சிமிழுக்கு உறை தைக்க அதன் சிறு துண்டும் போற்றப்பட்டது. ஹிகோனேயை ஆண்ட ஈ குடும்பத்தார் சேர்த்த இந்தியத் துணித் துண்டுகள் சுமார் 450, இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜப்பானிய நெசவாளர்களும் கோட்டுத் துணிகளின் துணுக்குகளை ஏடுகளில் ஒட்டிவைத்துத் தம் மக்களுக்குக் கையளித்தனர். இக்கரையில் நூல் நூற்றவர், சாயம் காய்ச்சியவர், தறியில் அமர்ந்தவர் எவருடைய பெயரும் அத்துணியோடு பயணம் செய்யவில்லை. துறைமுகத்தின் பெயர்தான் போயிற்று. மலாய் மக்கள் கட்டம்போட்ட கைலியை ‘பெலேக்காட்’ என்பதும் பழவேற்காட்டின் பெயராலேதான்.

பிற்பாடு ஜப்பானியரே சந்தோமேயைப் பார்த்து நெய்யத் தொடங்கினர். கடல்கடந்து வந்ததைப் பிரித்துக் காட்ட ‘தோ சந்தோமே’, அதாவது அயல்நாட்டுச் சந்தோமே, என்றனர். நாவில் தேய்ந்து அது ‘தோசன்’ ஆயிற்று. அதில் தோமையாரின் பெயர் உதிர்ந்துபோய், போர்த்துக்கீசியத்தில் ‘புனித’ என்று பொருள்படும் முன்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. சிபா மாநிலத்துத் தத்தேயாமாவில் அப்பெயரில் கோட்டுத் துணி நெய்யும் மரபு இன்றும் பேணப்படுகிறது.