மாடிப்படியும் அடுப்படியும்

பாரிஸ் நகரத்து மாடிப்படியொன்றில் ஒரு புதினத்தின் விலை படிக்குப் படி இறங்கியதைப் பால்சாக் எழுதியிருக்கிறார். 'இழந்த மாயைகள்' என்று பொருள்படும் அவருடைய பெரும் புதினம் 1837 முதல் 1843 வரை மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அதில் லூசியான் என்னும் இளங்கவிஞன் தன் கையெழுத்துப்படியை முதிய பதிப்பாளர் ஒருவரிடம் கொடுக்கிறான். படித்து மகிழ்ந்த அவர், ஆயிரம் பிராங்கு தரலாம் என்று எண்ணி அவன் இருப்பிடத்தைத் தேடி வருகிறார். கட்டடத்தைப் பார்த்ததும் எண்ணூறு போதும் என்று படுகிறது. நான்காம் மாடியில் குடியிருப்பவன் என்று அறிந்ததும் அறுநூறாகிறது. அறையின் வெறுமையைக் கண்டபின் வாய்திறந்து கேட்பது நானூறுக்குத்தான். எழுத்தின் தரம் அங்குப் பேச்சாகவே இல்லை. எழுதியவனின் வறுமையே விலையை அறுதியிடுகிறது.

அதே லூசியானின் கவிதைகளுக்கு நேர்ந்தது இதனினும் வேடிக்கையானது. வேறொரு பதிப்பாளரிடம் அவற்றை ஒப்படைக்கும்போது, கட்டிய நூலின்மேல் மைக்கோடு ஒன்றை இழுத்து வைக்கிறான். கட்டுத் திரும்பி வந்தபோது கோடு கலையவே இல்லை. பின்னர் அவன் இதழாளனாகி, அப்பதிப்பாளர் வெளியிட்ட நூலொன்றைக் கிழித்தெழுதியதும், அதே கவிதைகளுக்கு மூவாயிரம் பிராங்கு கிடைக்கிறது. அப்போதும் அவற்றை அவர் படித்திருக்கவில்லை. கவிஞர்கள் இப்பகுதியைப் படித்துச் சிரிப்பதா சினப்பதா என்பது அவரவர் பட்டறிவைப் பொறுத்தது.

பால்சாக்குக்கு இவ்வுலகம் கேள்வியறிவன்று. 1825 முதல் 1828 வரை நூல் வெளியீடு, அச்சகம், எழுத்துவார்ப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக நடத்திப் பெருங்கடனாளியானவர் அவர். தாளின் விலையும் உறுதிச்சீட்டின் தவணையும் அவர் புதினத்தில் பாத்திரங்களைப் போலவே நடமாடுவதற்கு அதுவே காரணம்.

தமிழ்ப் புனைகதையில் இந்த மாடிப்படியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். எழுத்தாளனைப் பாத்திரமாக்கிய புதுமைப்பித்தனின் கதைகளிலும் பதிப்பாளர் அரங்கின் நடுவே வந்து நிற்பதில்லை. 1930களில் தமிழ்ச் சிறுகதை இதழ்களை நம்பியே வாழ்ந்தது. 1933இல் தோன்றிய 'மணிக்கொடி' 1935இல் சிறுகதை இதழாக மாறியது. புதுமைப்பித்தனின் முதல் தொகுதியை நவயுகப் பிரசுராலயம் வெளியிட்டது 1940இல். பேரம் பேசப் பதிப்பாளர் கிடைப்பதே அரிதாயிருந்த காலத்தில் பேரத்தைக் கதையாக்குவது எங்ஙனம்? ஆகவே பதிப்புலகத்தின் வரவுசெலவு வேறோரிடத்தில் பதிவாயிற்று. அவ்விடம் எழுத்தாளன் வீட்டு அடுப்படி.

'ஒரு நாள் கழிந்தது' கதையின் முருகதாசர் பெரிய நாவலொன்றை மனத்தில் சுமந்திருப்பவர். பிழைப்புக்கு எழுதுவதோ விளம்பரம். கதையின் பெருஞ்சிக்கல் காப்பிப் பொடிதான். நண்பர்கள் வந்துவிட்டார்கள், மனைவி கமலம் உள்ளே வெறும் டப்பாவோடு நிற்கிறாள். இலக்கியம் பேசியபடியே நண்பரிடம் கடன் கேட்கிறார். கேட்ட தொகை கிடைக்காமல் சில்லறைதான் கைக்கு வருகிறது. இக்கதையை ஆராய்ந்தோர் முருகதாசரின் கனவைப் பற்றி நிறையவே பேசியுள்ளனர். எழுதப்படாத அந்த நாவலுக்கு நாள்தோறும் வட்டி கட்டுபவள் கமலம் என்பதை அத்துணை அழுத்தமாகப் பேசவில்லை என்றே சொல்ல வேண்டும். பால்சாக்கின் பதிப்பாளர் நான்கு மாடி ஏறிக் கண்டறிந்த உண்மையைக் கமலம் தினமும் காலையில் டப்பாவைத் திறந்து காண்கிறாள்.

1943இல் 'கலைமகளி'ல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இதன் அடுத்த கட்டம். புதுமைப்பித்தன் 'தினமணி'யை விட்டு விலகியதும் அதே ஆண்டில்தான். கந்தசாமிப் பிள்ளை நடத்துவது 'சித்த வைத்திய தீபிகை' என்னும் மருத்துவ இதழ்; இலக்கிய இதழன்று. ஆயினும், சந்தாதாரரைத் தேடியலைந்து, டிராமுக்கும் வெற்றிலைக்கும் காசைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் அவரிடம் அக்காலச் சிற்றிதழாசிரியர் பலரின் சாயல் உண்டு. கடவுளே எதிரில் வந்து நின்றபோதும் அவர் வரம் கேட்கவில்லை. ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்று கடவுளுக்கு ஐயம் எழுகிறது. பத்திரிகையின் ஆயுள் என்று விளக்கம் வருகிறது. இதழ் நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு சற்றுத் தாமதமாகவே வரும்.

இங்கும் வந்த விருந்தினருக்குச் சோறிடும் பொறுப்பு காந்திமதியம்மாளுடையது. கதை முடியும் தருணத்தில் கடவுள் மறைந்துவிடுகிறார். கந்தசாமிப் பிள்ளையோ கணக்கேட்டைத் திறந்து, கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளையின் பெயரில் ஆயுள் சந்தாவை வரவு வைத்துக்கொண்டிருக்கிறார்.